நிக்கானோருக்கு நான் ஊதிய விசில்

நிக்கானோரை அடித்தவர்களில் நானும் ஒருத்தி. கை வைக்கவில்லை, கல் எடுக்கவில்லை. விசில் ஊதினேன். போலீஸ் வந்து விசாரித்தபோது என் பெயரை யாரும் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரிந்துகொண்டேதான் காலையில் வந்து என்னிடம் தமால் வாங்குகிறார்கள். என்னால்தான் இதை விழுங்கிக்கொண்டு உட்கார முடியவில்லை, அதனால் சொல்கிறேன்.

என்னைத் தோஞா எர்மிலா என்பார்கள். வயசாகிவிட்டதற்குக் கொடுக்கிற மரியாதை, ஆம்பளை என்றால் தோன். மெக்சிகோ நகரத்தின் வடக்குக் கோடியில், மலை மேல் ஒருவர் தலையில் ஒருவர் ஏறி உட்கார்ந்தமாதிரி வீடு கட்டிக்கொண்டிருக்கிற குடியிருப்பில் முப்பது வருஷமாக இருக்கிறேன். பாலர் பள்ளி வாசலில் எனக்கு ஒரு குடை, ஒரு பெரிய ஆவிப்பானை. சோளமாவை மடலில் சுற்றி வேகவைத்த தமாலும் சூடான சோளக் கஞ்சியும் காலையில். பன்னிரண்டு மணிக்குப் பள்ளி விடும்போது ஜெல்லியும் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காயும். எந்தப் பிள்ளையை யார் அழைத்துப் போக வருவார்கள், எந்தத் தாத்தாவுக்குக் காது மந்தம், எந்தச் சித்தி எப்போதும் தாமதம் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த வாசலில் எனக்குத் தெரியாத முகம் கிடையாது என்று பெருமை பேசித் திரிந்தவள் நான். ஒரு மனுஷனின் தாடையை உடைத்தது அந்தப் பெருமைதான்.

அரசேலி எனக்கு ஆறு வருஷப் பழக்கம், மகள் பிறக்கும் முன்பே வேலைக்குப் போகிற வழியில் என்னிடம் தமால் வாங்கினவள். மூன்று தெரு தள்ளி ஒரு தையல் கூடத்தில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். மகள் யரேலிக்கு ஐந்து வயது, முன்பல் இரண்டும் இல்லை. தினமும் மகளை விட வரும்போது அரசேலி இரண்டு தமால் வாங்குவாள். இனிப்பு ஒன்று மகளுக்கு, அங்கேயே பிரித்துக் கொடுப்பாள். மோலே குழம்பு வைத்தது ஒன்று, மடல் பிரிக்காமல், இரண்டு பை போட்டுக் கட்டச் சொல்லி வாங்கிப் போவாள். அது யாருக்கு என்று நான் கேட்டதே இல்லை. அவளுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

புருஷனைப் பற்றி ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர்னு ஒருத்தர் இருக்காரா, இல்ல நீயா கட்டின கதையா?"

"இருக்காரு தோஞா. நானே அப்பப்ப தொட்டுப் பாத்துக்கிறேன்," என்றாள். சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

புருஷன் பெயர் நிக்கானோர். பதினேழு வயதில் மலைநாட்டிலிருந்து வந்தவர். நகரத்தின் மறுகோடியில், சாந்தா ஃபேயில், இருபது மாடிக் கட்டடம் ஒன்றில் காவல்காரர். பயணிகள் வேனில் மலை இறங்கி, மெட்ரோ பிடித்து, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர மூன்று மணி நேரம். திரும்பி வர அதே மூன்று மணி, மழை பெய்தால் நான்கு. காலை நான்குக்குக் கிளம்புவார், இராத்திரி பத்தரைக்கு வருவார். போகும்போதும் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள், வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு அவர் தூங்குவார். அறை ஒன்றுதான் என்பதால் அரசேலி மகளைக் கூட்டிக்கொண்டு சந்தைக்கும் கோயிலுக்கும் போய்விடுவாள், மனுஷன் ஒரு நாளாவது முழுசாகத் தூங்கட்டும் என்று. நல்லெண்ணத்தில்தான் செய்தாள். ஐந்து வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

எங்கள் மலையில் பாதி வீட்டில் இதே கதைதான். பிழைப்பு கீழே, வீடு மேலே, நடுவில் ஆறு மணி நேரச் சாலை. எல்லோரும் பிள்ளைகளுக்காகத்தான் போகிறார்கள். ஏன் போனாய் என்று யாரைக் கேட்க முடியும்?

போன வருஷம் மேல்தெருவில் வெள்ளை வேன் ஒன்று சுற்றுகிறது, பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. நிஜமா புரளியா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் கீழ்க் குடியிருப்பில் ஒரு பெண் பிள்ளை காணாமல் போனது நிஜம். போலீஸ் உடனே வரவில்லை, மூன்றாம் நாள் வந்து ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனது. அதோடு எங்களுக்கு வெறுத்துவிட்டது. கூட்டம் போட்டோம். தெருமுனையில் பேனர் கட்டினோம்: "பிள்ளை பிடிக்கிறவனே, மாட்டினால் போலீஸிடம் கொடுக்க மாட்டோம், நாங்களே பார்த்துக்கொள்வோம்." வீட்டுக்கு ஒரு விசில் கொடுத்தோம். ஒருவர் ஊதினால் கேட்டவர்கள் எல்லோரும் ஊதிக்கொண்டே ஓடிவர வேண்டும் என்பது ஏற்பாடு. அப்புறம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரகசிய வார்த்தை. யார் வந்து கூப்பிட்டாலும் பிள்ளை அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும். வார்த்தை தெரிந்தவர்தான் வீட்டாள்.

இந்த மலையில் யரேலியைப்போல இதைக் கற்றுக்கொண்ட பிள்ளை இல்லை. அரசேலி ஒரு மாதம் என் குடை நிழலிலேயே அவளுக்குப் பயிற்சி கொடுத்தாள். பிள்ளை பிடிக்கிறவனாக நடித்தது யார்? நான்தான். தோள் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, குரலை மாற்றிக்கொண்டு வருவேன்.

"கண்ணு, உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரில கெடக்கா. வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

"வார்த்தை என்ன?"

"வார்த்தையெல்லாம் அப்புறம் சொல்றேன், நேரமில்ல, வா."

"வார்த்தை தெரியாட்டி வர மாட்டேன்."

"நான் உன் அப்பாவோட ஆளுடி."

"அப்பாவே வந்தாலும் வார்த்தை சொல்லணும்."

அப்போது நான் அவளைத் தூக்குவேன். அவள் உடம்பைத் தளரவிட்டு மாவு மூட்டைமாதிரி கனத்துவிடுவாள். "இவங்க யாருன்னே தெரியாது" என்று கத்துவாள். சரியாகச் செய்தால் ஒரு ஜெல்லி பரிசு. பச்சைதான் வேண்டும் என்பாள். நானும் அரசேலியும் கைதட்டுவோம்.

அந்த வியாழக்கிழமை காலையில் தையல் கூடத்தில் அரசேலிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலி வந்தது. இரண்டு நாளாகவே இருந்திருக்கிறது, வேலை கெடும் என்று சொல்லவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் டாக்ஸி பிடித்து மலையடிவார ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். குடல்வால் வெடித்துவிட்டது, சீக்கிரம் அறுக்க வேண்டும், ஆனால் அறுவை அறை ஒரு மணிக்குத்தான் காலியாகும், பிழைப்பது உறுதி இல்லை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் போனை வாங்கி வைத்துக்கொள்வதற்கு முன் அவள் புருஷனுக்கு ஒரே ஒரு அழைப்பு போட்டாள்.

"பாப்பாவக் கூட்டிட்டு வந்துடு. என்னை உள்ள கொண்டு போறதுக்குள்ள அவ முகத்தப் பாத்துடணும். அவ்வளவுதான் வேணும் எனக்கு."

நிக்கானோர் காவலை விட்டுவிட்டுக் கிளம்பினார். மாற்று ஆள் வராமல் வாசலை விட்டால் வேலை போய்விடும் என்று தெரிந்தே கிளம்பினார். சீருடையைக் கட்டடத்தை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாது என்பது கம்பெனி சட்டம். அதைக் கழற்றி வைத்துவிட்டு, கசங்கிய சட்டையும் கண் வரை இழுத்துவிட்ட தொப்பியுமாக ஓடிவந்தார். நாங்கள் சீருடைக்குக் கொஞ்சம் பயப்படுகிறவர்கள். அந்தச் சீருடை உடம்பில் இருந்திருந்தால் ஒருவேளை ஒரு நிமிஷம் யோசித்திருப்போம்.

பள்ளிக்கு அவர் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டேகால். தலைமையாசிரியை ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தாள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்குப் பள்ளி படம் ஒட்டிய அட்டை கொடுத்திருக்கிறது. அது அரசேலியின் பையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தது. வாசலில் நின்ற சின்ன டீச்சர் அவருடைய வாக்காளர் அட்டையைப் பார்த்தாள், குடும்பப் பெயரைச் சரிபார்த்தாள், யரேலியைக் குனிந்து கேட்டாள்: "இது உன் அப்பாதானே?" பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். அனுப்பிவிட்டாள். இதெல்லாம் பிறகு எனக்குத் தெரிந்தது. நான் அப்போது மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

தலையை நிமிர்த்தினால், தொப்பி போட்ட ஒருவன், வாழ்நாளில் நான் பார்த்திராதவன், யரேலியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பயணிகள் வேன் நிற்கிற முனைக்குப் போகிறான். வியர்த்து ஊற்றுகிறது, மூச்சிரைக்கிறது. யரேலி காலை ஊன்றி நின்றுவிட்டாள்.

"வார்த்தை என்ன?"

"என்ன வார்த்தை? வா, அம்மா காத்துட்டிருக்கா."

"வார்த்தை சொல்லுங்க."

"அம்மா ஆஸ்பத்திரில இருக்காம்மா. நேரமில்ல, வா."

ஒரு சொல் மாறாமல், நான் நடித்துக்காட்டிய அதே பேச்சு.

அவன் மண்டியிட்டு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். "பூனையா? இளவரசியா? உன் பொம்மை பேரா? என்ன பேர் அதுக்கு?" அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். எழுந்தான், அவளை வாரித் தூக்கினான், ஓடினான். யரேலி மாவு மூட்டையாகத் துவண்டாள். நாங்கள் கற்றுக்கொடுத்ததற்கு மேலேயே ஒன்று சேர்த்துக் கத்தினாள்.

"இவரு யாருன்னே தெரியாது. இவரு என் அப்பா இல்ல."

நான் ஊதினேன். கழுத்தில் தொங்கின விசிலை, நெஞ்சு வலிக்கிற அளவுக்கு ஊதினேன்.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. மலை முழுக்க விசில். கறிக்கடை உபால்தோ ஏப்ரனோடு ஓடிவந்தான், வேன் ஓட்டுகிறவர்கள் வந்தார்கள், பெண்கள் துடைப்பத்தோடு வந்தார்கள். நான் பிள்ளையைப் பிடுங்கி என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அறுபது பேர் அவரைச் சுற்றிவிட்டார்கள்.

"நான் அவ அப்பாங்க. பேரு நிக்கானோர். மேல்தெரு, நீலக் கதவு வீடு."

"நீலக் கதவு வீட்ல அரசேலியும் புள்ளையும்தான். உன்னை யாரு பாத்திருக்கா?" என்றான் உபால்தோ.

யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கூட்டத்தைக் கேட்டான். யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரிகூட உதட்டைப் பிதுக்கினாள். ஆறு வருஷம் அந்த மனுஷன் எங்கள் தெருவில் குடியிருந்திருக்கிறார். எங்கள் கண்ணில் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பட்டதில்லை.

வாக்காளர் அட்டையை நீட்டினார். "இதெல்லாம் சந்தைல அச்சடிச்சுக் குடுக்கிறாங்க," என்று ஒருவன் தூக்கி எறிந்தான். அரசேலிக்குப் போன் போட்டார், அணைத்து வைத்திருந்தது. "படம் இருக்குங்க, போன்ல என் புள்ள படம் இருக்கு, பாருங்க," என்றார். உபால்தோ போனைப் பிடுங்கித் திறந்தான்.

படம் இருந்தது. நூறு படம் இருக்கும். எல்லாவற்றிலும் யரேலி தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்குள் தூங்குகிறாள், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், கால் ஒன்று கட்டிலுக்கு வெளியே தொங்கத் தூங்குகிறாள். விழித்திருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. அவருக்குக் கிடைத்த மகள் அவ்வளவுதான், அதைத்தான் எடுத்து வைத்திருந்தார். எங்களுக்கு அது தெரியவில்லை. உபால்தோ போனை உயரத் தூக்கிக் காட்டினான்.

"பாருங்கய்யா. தூங்குற புள்ளைய ஜன்னல் வழியா படம் எடுத்து வெச்சிருக்கான், நாய்."

முதல் அடி அவன்தான் அடித்தான். இரண்டாவதிலிருந்து யார் அடித்தார்கள் என்று சொல்ல முடியாது.

நான் யரேலியை இழுத்துக்கொண்டு குடைக்கடியில் உட்கார்ந்தேன். மடியில் வைத்து, முகத்தை என் ஏப்ரனில் திருப்பி, இரண்டு காதையும் பொத்தினேன். அவள் என் கையை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் சரியா செஞ்சேனா, தோஞா?"

"சரியா செஞ்சே, தங்கம்."

"அப்ப பச்சை ஜெல்லி?"

கொடுத்தேன். என் கைதான் எடுத்துக் கொடுத்தது. அவள் சாப்பிட்டாள், கிண்ணத்தின் அடியைச் சுரண்டிச் சாப்பிட்டாள். இருபது அடி தள்ளி அவள் அப்பாவை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அவர் குரல் கேட்டது. வாயில் இரத்தத்தோடு என்னைப் பார்த்துக் கத்துகிறார்.

"தமால்காரம்மா... மோலே தமால். மடல் பிரிக்காம, ரெண்டு பை போட்டு. அது எனக்குத்தான். மறுநாள் விடிகாலைல பஸ்ல நான்தான் சாப்பிடுறேன். தினமும் நீங்க கட்டிக் குடுக்கிறதத்தான் சாப்பிடுறேன்."

அந்த இரண்டு பை விஷயம் உலகத்தில் எனக்கும் அரசேலிக்கும் மட்டும்தான் தெரியும். ஆறு வருஷம் என் கைச்சோறு தின்ற மனுஷன்.

பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு ஓடினேன். "விடுங்கடா, அவன் அப்பன்தான், விடுங்கடா," என்று உபால்தோவின் முதுகில் குத்தினேன். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. யாரோ என்னை நெஞ்சில் தள்ளினார்கள், விழுந்தேன். "பெட்ரோல் கொண்டாங்க," என்று பின்னால் ஒரு குரல். மறுபடி விசிலை எடுத்து ஊதினேன். முட்டாள் நான். நிறுத்துவதற்கென்று ஒரு விசில் நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை. நான் ஊத ஊத இன்னும் ஆள்கள்தான் ஓடி வந்தார்கள்.

அவர் உயிரைக் காப்பாற்றியது தலைமையாசிரியை. கூட்டத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தவளிடம் சின்ன டீச்சர் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். கொடி வணக்கத்துக்கு வைத்திருக்கிற ஒலிபெருக்கியை ஜன்னலில் வைத்து, யரேலியின் பிறப்புச் சான்றிதழை வாசித்தாள். பிள்ளை பெயர், தாய் பெயர், தந்தை பெயர் நிக்கானோர் இன்னார், தந்தையின் பிறந்த நாள். "கீழே விழுந்து கிடக்கிற அட்டையை எடுத்து ஒத்துப் பாருங்கள்," என்றாள். மூன்று தடவை வாசித்தாள். மூன்றாவது தடவையில்தான் ஒருத்தி குனிந்து அட்டையை எடுத்தாள்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர்கள்போல அவரவர் வீட்டுக்குக் கலைந்து போய்விட்டார்கள். உபால்தோ ஏப்ரனில் கையைத் துடைத்தபடி, "தப்பு நம்ம மேல இல்ல, புள்ளைக்கே அடையாளம் தெரியல," என்று சொல்லிக்கொண்டே போனான். நிக்கானோர் தரையில் கிடந்தார். ஒரு கண் மூடியிருந்தது. நான் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன்.

"மணி என்ன?" என்றார்.

"ஒண்ணரை ஆகப்போகுது, தோன் நிக்கானோர்."

அவர் அழ ஆரம்பித்தார். அரசேலியை ஒரு மணிக்கே உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

அவள் பிழைத்தாள். இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு மாடியில் கிடந்தார்கள். அவருக்குத் தாடை உடைந்திருந்தது, விலா எலும்பு இரண்டு, இடது காதில் இனி கேட்காது. பிள்ளையை அரசேலியின் தங்கை வைத்துக்கொண்டாள். நான் இரண்டு வார்டுக்கும் சூப் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினேன். படி ஏறினால் பாவம் கரையும் என்று ஒரு நினைப்பு.

வார்த்தை "தர்பூசணி." அரசேலிதான் சொன்னாள், நான்காம் நாள், சக்கர நாற்காலியில் அவர் கட்டிலுக்கு வந்தபோது.

"உன்கிட்ட சொன்னேன். மூணு தடவ சொன்னேன். நீ படுத்துக்கிட்டு 'ம்' சொன்ன."

அவர் வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: தூங்கியிருப்பேன். அரசேலி அந்தக் காகிதத்தைக் கசக்கி அவர் மேலேயே எறிந்தாள். அப்புறம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

வேலை போய்விட்டது. ஐந்து வாரம் வீட்டிலேயே இருந்தார். மகள் பிறந்ததிலிருந்து அவர் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தானே, பகல் முழுக்க மகளோடு இருப்பதற்கு. கிடைத்தது. ஆனால் அவள் அவர் பக்கத்தில் வரவில்லை. பயப்படவும் இல்லை, அழவும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் இருக்கிறமாதிரி மரியாதையாக இருந்தாள். தண்ணீர் கேட்டால் கொண்டு வந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாள். அவர் தூங்கினால் மட்டும் கிட்டே வருவாளாம். அதனால் பல நாள் அவர் தூங்குகிறமாதிரி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாராம். அவள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொம்மையோடு பேசுவாள். கண்ணைத் திறந்தால் எழுந்து போய்விடுவாள்.

"நீ செஞ்சதுதான் சரி, பாப்பா," என்று அவர் கம்பி கட்டின வாயாலேயே அவளிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அவள் தலையாட்டுவாள், டீச்சரிடம் ஆட்டினமாதிரி.

தாடைக் கம்பியை அவிழ்த்த பிறகு இன்னொரு இடத்தில் காவல் வேலை கிடைத்தது, விமான நிலையத்துக்கும் அப்பால். இன்னும் தூரம். திங்கட்கிழமை போக வேண்டும். ஞாயிறு மதியம் சூப் பாத்திரத்தை எடுக்கப் போனேன். அரசேலியும் மகளும் சந்தைக்குப் போயிருந்தார்கள். அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நல்ல காது என் பக்கம் வருகிறமாதிரி தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.

அன்றைக்குத்தான் அவர் நிறையப் பேசினார். பழைய கட்டடத்தில் நான்காம் மாடிப் பெண்குழந்தைக்குப் பல் விழுந்தால் முதலில் இவரிடம்தான் ஓடிவந்து காட்டுமாம். "அந்தப் புள்ளைக்கு எத்தனை பல் விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும் தோஞா. என் புள்ளைக்கு எத்தனைன்னு தெரியாது. அன்னிக்கி அவள மண்டி போட்டுப் பாத்தப்பதான் முன்னாடி ரெண்டு இல்லன்னே கண்டேன்." பேச்சு கொஞ்சம் குழறியது. இனி எப்போதும் அப்படித்தான் இருக்குமாம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். விசில் ஊதினது நான்தான் என்று நேராகச் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "வேற எவனாவது தூக்கிட்டுப் போயிருந்தா, உங்க விசில்தானே என் புள்ளையக் காப்பாத்தியிருக்கும். உங்க மேல கோபப்படக்கூட எனக்கு வழியில்ல. யார் மேல கோபப்படுறதுன்னு அஞ்சு வாரமா தேடுறேன், ஆளே கெடைக்கல."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அவ உங்க மடியிலதானே இருந்தா, என்னை அடிக்கிறப்ப?"

"ஆமா."

"அழுதாளா?"

நான் பாத்திரத்தைத் துடைத்தேன்.

"சும்மா சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. அவளுக்குக் கொஞ்சமாவது... ஏதாவது சொன்னாளா?"

அறுபத்து மூன்று வயதில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றுக்கும் நாக்கு இப்படி ஒட்டிக்கொண்டதில்லை.

"அழுதா, தோன் நிக்கானோர். நான் காதைப் பொத்திக்கிட்டு இருந்தேன், கையத் தட்டிவிட்டுட்டு 'அப்பா, அப்பா'ன்னு அழுதா. அடிக்காதீங்க எங்கப்பாவன்னு சொல்லிச் சொல்லி அழுதா. பிடிச்சு வெக்க முடியல என்னால."

எதிர்வீட்டில் யாரோ துணி உதறிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவ என்னை அப்பான்னு கூப்பிட்டதில்ல, தோஞா," என்றார் மெதுவாக. "ஒரு நாளும் இல்ல. 'நிக்கா'ன்னுதான் கூப்பிடுவா. அவ அம்மா கூப்பிடுறதக் கேட்டு அப்படியே பழகிட்டா. மாத்திச் சொல்லிக் குடுக்க எனக்கு நேரம் வாய்க்கல."

நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நல்ல காதை என் வாய்க்கு நேராகத் திருப்பிக்கொண்டார்.

"பரவால்ல. இன்னொரு தடவ சொல்லுங்க. எப்படிக் கூப்பிட்டா?"

"அப்பா," என்றேன்.